சண்முகத்தின் பெயரில் ஒரு பாட்டில்

டாலிகஞ்ச் மெட்ரோவில் காலை எட்டரைக்கு ஏறி, இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி, லேக் மார்க்கெட் பக்கம் வேலைக்கு நடக்கிற பெண்கள் எல்லோருடைய பையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும். தமிழரசியின் பையில் மட்டும் இருக்காது. கூட நடப்பவர்கள் கேட்டால், "குடிச்சா போறதுக்கு எடம் வேணும்ல?" என்று சொல்லிச் சிரிப்பாள். அது சிரிக்கிற விஷயமில்லை என்பது நாற்பத்தேழு வயதில்தான் அவளுக்குத் தெரியவந்தது.

லேக் மார்க்கெட்டில் ஒரு தமிழ் டிபன் கடையில் கூப்பன் கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. பதினொரு வருஷமாக அதே கவுண்டர். காலை ஒன்பதுக்கு நின்றால் சாயங்காலம் ஆறு வரை நிற்க வேண்டும். அந்தக் கடையில் சாமி படத்துக்கு இடம் உண்டு, வெங்காய மூட்டைக்கு இடம் உண்டு, முதலாளியின் ஸ்கூட்டரைக்கூட மழைக்காலத்தில் உள்ளே ஏற்றி நிறுத்த இடம் உண்டு. பெண்கள் போய்வர ஒரு கக்கூஸுக்குத்தான் இடமில்லை. முதலாளி சேஷாத்ரி நல்ல மனிதர். தீபாவளிக்குப் புடவை எடுத்துத் தருவார், துர்கா பூஜைக்குக் கேட்ட நாளில் லீவு கொடுப்பார். நல்ல மனிதர்களுக்கும் சில விஷயங்கள் கண்ணில் படுவதே இல்லை, என்ன செய்ய? பக்கத்துப் புடவைக் கடைக்காரர் மதியம் ஒரு தரம் உள்ளே விடுவார், அதுவும் கூட்டமில்லாத நாளில். ஆகவே தமிழரசி உடம்பைப் பழக்கிவைத்திருந்தாள். காலையில் அரை டம்ளர் டீ. அப்புறம் முட்டிவலி மாத்திரையை விழுங்க ஒரு வாய்த் தண்ணீர். சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான் மிச்சம்.

முட்டிவலி நின்று நின்று வந்தது. மருந்துக்கடையில் சொன்னவுடன் ஒரு மாத்திரை கொடுத்தார்கள், போட்டதும் வலி போயிற்று. போட்டால் போகிற வலிக்கு யாராவது டாக்டரைத் தேடிப் போவார்களா? மாத்திரை நாலு வருஷமாகத் தினமும் நடந்தது, சில நாள் இரண்டு.

விருத்தாசலத்துக்குப் பக்கத்து ஊரிலிருந்து இருபத்திரண்டு வயதில் கல்யாணமாகி வந்தவள் அவள். புருஷன் சண்முகம் ராணுவத்தில் லாரி ஓட்டினார். கடைசியாக மாற்றல் வந்த இடம் கல்கத்தா. பட்டாளத்தை விட்டு வெளியே வந்ததும் இங்கேயே ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் டிரைவர் வேலை கிடைத்தது, டாலிகஞ்சில் குவார்ட்டர்ஸும் கிடைத்தது. ஒரே மகள் சரிதா. இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அம்மாவிடம் தமிழில் ஆரம்பிக்கிற சண்டையை வங்காளத்தில்தான் முடிப்பாள்.

சண்முகத்துக்கு ஸ்டியரிங் என்றால் உயிர். பெரிய அதிகாரியின் காரை ஓட்டுகிறவர். காலையில் வெள்ளைச் சட்டையும் மடிப்புக் கலையாத பேண்ட்டும் போட்டுக்கொண்டு வண்டியைத் துடைக்கிற அழகைப் பார்த்தால் அதிகாரியே அவர்தானோ என்று தோன்றும். அவருக்கு நாற்பத்தெட்டு வயதில் சர்க்கரை வந்தது. மருந்துக்கடையில் விரலைக் குத்திப் பார்த்து அவரே கண்டுபிடித்தார், அவரே மாத்திரை வாங்கினார், வைட்டமின் என்று சொல்லி மகளிடம்கூட மறைத்தார். ஆபீஸில் டிரைவர்களுக்கு வருஷா வருஷம் ஏப்ரலில் மெடிக்கல் உண்டு. கண், பிரஷர், ஒன்றுக்கு, அவ்வளவுதான் பார்ப்பார்கள். அதில் சர்க்கரை தெரிந்து, சந்தீப் என்ற டிரைவரை வண்டியிலிருந்து இறக்கி ஃபைல் தூக்கப் போட்டிருந்தார்கள். சந்தீப் மாடிப்படி ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டு வந்த அன்று சண்முகம் சாப்பிடவில்லை.

"அந்தக் கதி எனக்கு வந்துச்சுன்னா செத்துருவேன், அரசி" என்றார்.

"அதுக்கு என்னாங்க பண்றது?"

"ஒன் ஒண்ணுக்கக் குடு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு காலி இருமல் மருந்து பாட்டிலைச் சுடுதண்ணீரில் போட்டுக் கழுவி, காலையில் நிரப்பிக் கொடுத்தாள். ஆபீஸ் டிஸ்பென்சரியில் இவர் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, அவர்கள் கொடுத்த டப்பாவில் இதை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். மறுநாள் மெடிக்கல் புத்தகத்தில் சர்க்கரை இல்லை, அல்புமின் இல்லை, தகுதியானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "அரசி, நீ பாஸு!" என்று கத்தினார்.

அதிலிருந்து அது அந்த வீட்டில் ஒரு பண்டிகை மாதிரி ஆகிவிட்டது. ஏப்ரல் வந்தால் பாட்டில், மறுநாள் "நீ பாஸு", அன்றைக்கு அவர் கையால் ரசகுல்லா. நாலு வருஷம் நாலு பாஸ். பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவதில் நின்றுபோனவளுக்கு இதில் ஒரு பெருமைகூட இருந்தது என்றால் நம்புவீர்களா? இருந்தது. இந்த வீட்டின் சோறு என் உடம்பின் தெளிவில் ஓடுகிறது என்று அவள் மனதுக்குள் நினைத்துக்கொள்வாள். தனக்கென்று அவள் உடம்பு எதற்காவது பயன்பட்டதா என்று அவளை யாரும் கேட்டதில்லை, அவளும் கேட்டுக்கொண்டதில்லை.

நுரையை அவள் முதலில் பார்த்தது நாலாவது பாஸுக்குப் பிறகு வந்த குளிர்காலத்தில். காலையில் போய்விட்டு எழுந்தால் பீங்கானில் வெள்ளையாக நுரை நின்றது. சோப்புத் தண்ணீரைக் கொட்டின மாதிரி, சின்னச் சின்ன குமிழாக, அடர்த்தியாக. ஒரு வாளித் தண்ணீர் ஊற்றியும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. கக்கூஸ் கழுவுகிற ஆசிட்தான் காரணம் என்று முடிவுகட்டினாள். மறுநாள் கடைக்காரரிடம் போய், என்ன கண்றாவியைக் கலக்கிக் கொடுக்கிறீர்கள் என்று சண்டை போட்டு வேறு கம்பெனி வாங்கி வந்தாள். அதிலும் நுரைத்தது. இன்னொன்று வாங்கினாள், அதிலும் நுரைத்தது. ஆசிட் ஊற்றாமலே ஒரு வாரம் விட்டுப் பார்த்திருக்கலாம். நாறிப்போகுமே என்று விட்டுப் பார்க்கவில்லை.

எதிர்வீட்டு சுமித்ரா பௌதி, அண்ணி முறை வைத்துக் கூப்பிடுகிற வங்காளி, விஷயத்தைக் கேட்டதும் "கிச்சு நா, கேஸ்" என்றாள். ஒன்றுமில்லை, வாயு என்று அர்த்தம். பௌதிக்குத் தலைவலி வந்தாலும் கேஸ், மருமகள் மூஞ்சியைத் தூக்கினாலும் கேஸ். ஊரிலிருக்கிற அக்கா ராஜத்திடம் போனில் சொன்னபோது, "சூடுடி அது. அந்த ஊரு வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தா சூடு ஏறாம என்ன பண்ணும்? சனிக்கெழம எண்ண தேச்சு முழுவு, எளநி குடி" என்றாள். இளநீர் குடித்தாள், வெந்தயம் ஊறவைத்துத் தின்றாள், தலை முழுகினாள். ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற இரண்டு ஊரும் சேர்ந்து, ஒன்று வாயு என்றும் ஒன்று சூடு என்றும் சொல்லி அவளை நிம்மதியாகத் தூங்கவைத்தன.

கணுக்கால் வீங்கியது. நிற்கிற வேலை, வீங்கத்தான் செய்யும் என்றாள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. காலையில் எழுந்தால் கண்ணைச் சுற்றி உப்பியிருந்தது. தூக்கம் பத்தவில்லை என்றாள். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் தயாராக இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ஆளிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் தோன்றவில்லை.

ஐந்தாவது ஏப்ரல் வந்தது. அன்றைக்குப் பதினொன்றாம் தேதி. தேதி அவளுக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது. அன்று சரிதாவுக்குக் கல்லூரியில் கடைசிப் பரீட்சை. பாட்டிலை நிரப்பிக் கொண்டுவந்து கொடுத்தபோது மேலே மூன்று விரல்கடைக்கு நுரை நின்றது.

"என்னா இது, பாட்டில நல்லா அலம்புனியா இல்லியா? சோப்பு நிக்குது பாரு" என்றார் சண்முகம்.

"நாலு தண்ணி வுட்டு அலம்புனங்க."

"குலுக்கிக்கிட்டே வந்தியா?"

"நான் ஏன் குலுக்கறேன்?"

இருவரும் பாட்டிலை ஜன்னலோரம் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நுரை இறங்கவில்லை. அவருக்கு நேரமாயிற்று. மூடியைத் திருகிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவர் வந்து செருப்பைக் கழற்றினார். சத்தமே இல்லை. அவளாகத்தான் சமையலறையிலிருந்து, "என்னாங்க, பாஸா?" என்று கேட்டாள். "ம், பாஸு பாஸு" என்று சொல்லிவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ரசகுல்லாவை மறந்துவிட்டார். வயசாகிறது, அசதி என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் சண்முகம் திடீரென்று அன்பானவராக மாறினார். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், "கொழம்புல இவ்ளோ உப்பு எதுக்கு? நீ கம்மியாப் போட்டுக்க" என்றார். இன்னொரு நாள், "அந்த முட்டிவலி மாத்திரைய நிறுத்தேன், தினம் எதுக்கு?" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, எங்கேயோ பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒனக்குக் காலைல போவும்போது நொரை வருதா?"

அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. இருபத்தைந்து வருஷத்தில் அவர் அவள் உடம்பைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. "ஆமாங்க, வருது. ஆசிட்டு சரியில்ல" என்றாள்.

"ஆமா, ஆசிட்டாத்தான் இருக்கும்" என்றார் அவர். உடனே எழுந்து போய்விட்டார்.

தமிழரசி அந்த வாரம் முழுக்க அதையே நினைத்து நினைத்து மகிழ்ந்தாள். பௌதியிடம்கூட, என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் என்மேல் ரொம்ப அக்கறை என்று பீற்றிக்கொண்டாள். இப்போது அந்த வாரத்தை நினைத்தால் அவளுக்கு வாய் கசக்கிறது. எல்லாக் கசப்பிலும் மோசமான கசப்பு, ஏமாந்தபோது சந்தோஷமாக இருந்தோமே என்பதுதான்.

அப்புறம் பூஜை வந்தது, போயிற்று. அவள் இளைத்தாள், ஆனால் கால் மட்டும் பருத்தது. இந்த வருஷம் ஏப்ரல் வந்தபோது, வழக்கம்போலப் பாட்டிலைத் தேடி எடுத்துச் சுடுதண்ணீர் வைத்தாள். "வேணாம், இந்த வருஷத்துலேந்து அந்த டெஸ்ட்ட எடுத்துட்டாங்க" என்றார் சண்முகம். ஒரு வேலை மிச்சம் என்று அவள் அடுப்பை அணைத்தாள்.

மே மாதம் சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. உடம்பெல்லாம் அரித்தது, வாயில் இரும்பை நக்கின மாதிரி ஒரு ருசி. ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, மூன்று மசாலா தோசைக்குக் கூப்பன் கிழித்துக்கொண்டிருந்தவள் மூச்சு வாங்கி அப்படியே கவுண்டருக்குப் பின்னால் சரிந்தாள். சேஷாத்ரி டாக்சி பிடித்தார். சரிதா ஆபீஸிலிருந்து ஓடி வந்து, அப்பாவின் கம்பெனி டிஸ்பென்சரிக்கெல்லாம் போகாமல், நேரே பவானிபூர் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

பிரஷர் இருநூறைத் தொட்டிருந்தது. இளம் பெண் டாக்டர் ஒருத்தி காலை அழுத்திப் பார்த்து, குழியைப் பார்த்து, சித்தி முறை வைத்து முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "மாஷிமா, நுரை வருமா?"

"வரும். ஒண்ணரை வருஷமா" என்றாள் தமிழரசி வங்காளத்தில். ஆசிட் கதையையும் சொன்னாள்.

டாக்டர் கோபப்படவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். எப்போதாவது நுரைப்பதற்குப் பயப்பட வேண்டியதில்லையாம். ரொம்ப நேரம் அடக்கிவைத்து வேகமாகப் போனாலும் நுரைக்கும். தண்ணீர் குடிக்காமல் மஞ்சளாகப் போனாலும் நுரைக்கும், கக்கூஸ் மருந்து பட்டாலும் நுரைக்கும். காய்ச்சல் நேரத்தில், கடுமையாக ஓடியாடின நாளில் வந்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் நன்றாகக் குடித்து, மருந்து ஊற்றாத இடத்தில் போயும் நாள் தவறாமல் நுரைத்தால், தண்ணீர் ஊற்றியும் நுரை நின்றால், அது ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரகத்தின் வழியே ஒழுகுகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம். சர்க்கரை உள்ளவர்கள், பிரஷர் உள்ளவர்கள், வலி மாத்திரை தினமும் போடுகிறவர்கள் காத்திருக்கவே கூடாது. கால் வீங்கினால், முகம் உப்பினால், நுரையோடு ரத்த நிறம் தெரிந்தால், ஒன்றுக்குக் குறைந்துபோனால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஒன்றுக்கில் அல்புமின் என்கிற அந்தப் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின் என்கிற கழிவு, பிரஷர். இந்த மூன்றையும் பார்க்க ஒரு காலைப்பொழுது போதும்.

"ஒரு காலைப்பொழுதுதானா?" என்று தமிழரசி திருப்பிக் கேட்டாள். அத்தனை சுலபமானது என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

நாலு நாள் கழித்துப் பெரிய டாக்டர் மூவரையும் உட்காரவைத்துப் பேசினார். ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் சுருங்கியிருந்தன. பிரஷர் எத்தனை வருஷமாக இருந்ததோ தெரியாது, அதன்மேல் வலி மாத்திரை வேறு என்றார். இனி மருந்தால் அவற்றைத் திருப்ப முடியாது. டயாலிசிஸ் அடுத்த வாரமே ஆரம்பிக்க வேண்டும். வீட்டில் யாராவது சிறுநீரகம் கொடுக்க முடிந்தால் அதுவும் ஒரு வழி, அதற்குத்தான் எல்லோருடைய பழைய ரிப்போர்ட்டையும் கொண்டுவரச் சொன்னேன் என்றார்.

"ஆமி தேபோ" என்றாள் சரிதா. நான் தருகிறேன் என்று அர்த்தம்.

"வாய மூடு. இருவத்துமூணு வயசுல நீ ஒண்ணுந் தர வேணாம்" என்றாள் தமிழரசி.

"அப்ப அப்பா தரட்டும். அப்பாவுக்குத்தான் ஒண்ணுமே இல்லியே, வருஷா வருஷம் ஃபிட்டு. இதோ பாருங்க டாக்டர்" என்று சரிதா பையிலிருந்து ஒரு நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் இருந்த ஆபீஸ் மெடிக்கல் புத்தகம். பாவம், அவளுக்கு என்ன தெரியும்?

"அத எதுக்கு எடுத்தாந்தே?" என்று சண்முகம் கையை நீட்டினார். அதற்குள் டாக்டர் புரட்டத் தொடங்கிவிட்டார்.

தமிழரசி அந்தப் புத்தகத்தை அதுவரை உள்ளே திறந்து பார்த்ததில்லை. அவருக்குச் சர்க்கரை, அவர் தர முடியாது என்பது அவளுக்குத் தெரியும். அதை அவரே இப்போது வாயைத் திறந்து சொல்வார் என்று காத்திருந்தாள். டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளினார். சர்க்கரை இல்லை, அல்புமின் இல்லை. நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார்.

"போன வருஷம் ஏப்ரல் பதினொன்றாம் தேதி அல்புமின் மூன்று பிளஸ். மறு பரிசோதனைக்கு எழுதியிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி ஒன்றுமே இல்லை. இந்த வருஷமும் இல்லை." கண்ணாடிக்கு மேலே சண்முகத்தைப் பார்த்தார். "மூன்று பிளஸ் அளவுக்கு ஒழுகுகிற புரதம் பத்தே நாளில் மறைவது அதிசயம். ஏதாவது வைத்தியம் பார்த்தீர்களா?"

சண்முகம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "லேப் தப்பா இருக்கும்" என்றாள் சரிதா.

தமிழரசி மேசைமேல் குனிந்து பார்த்தாள். ஆங்கிலம் வாசிக்க அவளுக்கு வராது. தேதி தெரியும், வரிசையாக நின்ற மூன்று கூட்டல் குறிகளும் தெரிந்தன. ஜன்னலோரம் வைத்துவிட்டு இருவருமாகப் பார்த்துக்கொண்டு நின்ற பாட்டில் தெரிந்தது.

"அந்தப் பக்கம் என்னுடையது, டாக்டர்" என்றாள் வங்காளத்தில். "ஐந்து வருஷம் அவர் பேரில் நான்தான் கொடுத்தேன். அவருக்குச் சர்க்கரை இருக்கிறது."

சரிதா அம்மாவையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். டாக்டர் பேனாவை மூடி வைத்தார். அன்றைக்கே வந்திருந்தால் முழுசாகக் குணமாகியிருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் அந்த வலி மாத்திரையை நிறுத்தி, பிரஷருக்கு மருந்து கொடுத்து, உப்பைக் குறைத்து, இன்னும் பல வருஷம் இந்த நிலைமைக்கு வராமல் தள்ளிப்போட்டிருக்க முடியும் என்றார். பதினாலு மாதம், அம்மா, பதினாலு மாதம் என்று இரண்டு தரம் சொன்னார். பிறகு, நீங்கள் பேசுங்கள் என்று எழுந்து வெளியே போனார்.

தமிழரசிக்கு முதலில் புருஷன்மேல் கோபம் வரவில்லை. தவறு இரண்டு பேருடையதும்தான், பாட்டிலை அவள்தானே சிரித்துக்கொண்டே கழுவிக் கொடுத்தாள்? டிஸ்பென்சரிக்காரன் தப்பாக எழுதிவிட்டான் என்று இவர் நினைத்திருக்கலாம். சோப்பு என்று நினைத்திருக்கலாம். அப்படி எத்தனையோ வழியில் அவரைத் தப்பவிட அவள் மனம் ஓடியோடித் தேடியது. பிறகு அவள் கண் அடுத்த வரிக்குப் போயிற்று. இருபத்தொன்றாம் தேதி. அன்றைக்கு அவள் யாருக்கும் பாட்டில் நிரப்பிக் கொடுக்கவில்லை. இந்த ஏப்ரலிலும் கொடுக்கவில்லை. டெஸ்ட்டையே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அடுப்பை அணைக்கவைத்தது அவர்தான்.

"ஏங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "சோப்புதான்னு நெனச்சிருந்தா, மறுவாட்டி குடுக்கச் சொன்னப்ப என்கிட்டத்தான கேட்டிருப்பீங்க? அந்த ரெண்டாவது பாட்டில ஏன் என்கிட்ட கேக்கல?"

அந்தப் பாட்டில் யாருடையது என்பது இன்றுவரை தெரியாது. அது அவளுக்கு வேண்டியதுமில்லை. அவளிடம் கேட்கவில்லை என்றால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. உப்பைக் குறை என்றது, மாத்திரையை நிறுத்து என்றது, நுரை வருதா என்று கேட்டது எல்லாமே தெரிந்து கேட்டதுதான். அவள் ஆசிட் என்றதும் ஆமாம் என்று எழுந்து போனதும் தெரிந்து போனதுதான்.

"குடும்பத்துக்கும் அதே டிஸ்பென்சரி, அதே டாக்டரு" என்றார் சண்முகம் கடைசியில். அழுதுகொண்டிருந்தார். "எனக்கு மூணு பிளஸ்ஸு வந்து பத்து நாள்ல போயி, அடுத்த வாரம் ஒனக்கு மூணு பிளஸ்ஸு வந்தா அவன் கண்டுபிடிச்சிருவான் அரசி. வண்டியப் புடுங்கிருவாங்க. வேலயே போயிருக்கும். கொஞ்ச நாள் போவட்டும்னு நெனச்சேன். கொஞ்ச நாள் போவட்டும்னுதான்..."

"போயிருச்சுங்க" என்றாள் தமிழரசி.